மூடி இறங்குவதற்கு முன்

1

இந்தக் கதை என்னுடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வள்ளியம்மாவிடமிருந்து வந்தது. அவளுக்கும் சொந்தமில்லை, காலமாகிவிட்ட அவள் கணவர் சோமு பார்த்தது. பாசிர் பெனம்பாங் மீன் சந்தையில் இறால் கூடைக்கு முன்னால் நின்று, ஒவ்வொன்றாகத் தலையைத் திருகிப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்:

“எங்க வீட்டுக்காரரு கிரேன் ஓட்டுனப்ப, அத்தாம்பெரிய இரும்பு மூடிய ஒருக்கா அந்தரத்துல நிறுத்திட்டு உக்காந்திருந்தாருக்கா. கீழ ஒரு பொம்பளப் பிள்ள கையத் தூக்கிட்டாளாம்.”

அவ்வளவுதான். இறால்காரன் விலை சொன்னான், பேச்சு விலைக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அந்தக் கை தூக்கியது தூக்கியபடியே நின்றது. வீட்டுக்கு வந்து அரிசி களைந்தேன், நின்றது. குழம்பு கொதித்தது, நின்றது. இதை எழுதி இறக்காமல் தூக்கம் வராது என்று உட்கார்ந்துவிட்டேன்.

நடுநடுவே நிறுத்தி உங்களிடம் பேசுவேன். கதை சொல்லிப் பழகியவளுக்கு எதிரில் முகம் இல்லாமல் எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

2

முதல் தொடக்கம் இப்படி வந்தது:

“கடற்காற்று உப்பைச் சுமந்துகொண்டு வீச, கங்கா தன் கூந்தலை —”

அடித்துவிட்டேன். டர்பைன் கூடத்துக்குள் கடற்காற்று ஏது? எண்ணெய் வாசனைதான். கூந்தலும் ஹெல்மெட்டுக்குள்.

இரண்டாவது:

“சிறு வயது முதலே கங்கா ஓர் இயந்திரப் பொறியியலாளராகக் கனவு கண்டாள்.”

இது பச்சைப் பொய். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்த பிள்ளை கண்ட கனவு, கிராணிமார் கணக்கெழுதும் ஆபீசில் விசிறிக்கடியில் உட்கார்ந்து டைப் அடிப்பது. பொறியியல் அவளாகத் தேடிப் போனதல்ல. ஆறாம் படிவம் முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிப் போட்டபோது, வரிசையாகக் கிடந்த பெயர்களில் அவளுக்குப் புரிந்த ஒரே சொல் மெஷின் என்பதன் சாயலில் இருந்தது. அதில் பேனா விழுந்தது.

மூன்றாவது:

“அன்று காலை நல்லசாமி பேசவில்லை.”

இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் நல்லசாமி பேசாமல் இருந்ததில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்கு முதலில் அவர் மகளைத் தெரிய வேண்டும்.

3

எழுத எழுத எனக்கே சந்தேகம் வந்தது. எண்பதுகளின் மலேசியாவில், நம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி மின் நிலையத்தில் பொறியியலாளரா? என் ஆசையை நானே சட்டை போட்டு நிறுத்துகிறேனா? வள்ளியம்மாவிடம் மறுபடி போனேன்.

“இருந்தாக்கா. ஒருத்தின்னாலும் இருந்தா. ‘அந்தப் பிள்ள கை காட்டுனா கோடு போட்ட மாதிரி இருக்கும், நாங்க நம்பி இறக்கலாம்’னு எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு.”

பெயர்? அவளுக்குத் தெரியவில்லை. கங்கா என்பது நான் வைத்தது. மற்றதிலும் பெரும்பகுதி நான் வைத்ததுதான். ஆனால் வைத்தபின் அவள் என் சொல்லைக் கேட்கவில்லை.

கங்காவுக்குப் படிப்பின் மீது பிரியம் வந்தது இரண்டாம் ஆண்டில். நீராவி அட்டவணை என்று ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தார்கள். இந்த அழுத்தத்தில், இந்தச் சூட்டில், ஒரு கிலோ நீராவிக்குள் இவ்வளவு பலம் இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எண்கள். மற்ற மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். கங்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் அப்பா நல்லசாமி செம்பனை எண்ணெய் ஆலையில் உலைக்காரர். பழச்சக்கையும் கொட்டை ஓடும் அள்ளி அள்ளி அவர் நெருப்புக்குள் வீசியதெல்லாம் இந்த எண்களுக்குள்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்பாவின் வியர்வைக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது புத்தகமாகவே இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவள் பொறியியலாளர் ஆனாள். பட்டமெல்லாம் அப்புறம்.

கோலசிலாங்கூருக்குத் தெற்கே, சதுப்பைத் தூர்த்து ஒரு மின் நிலையம் எழுந்துகொண்டிருந்தது.* அங்கே வேலை கிடைத்தது. போன முதல் நாளே வரைபட அறையில் உட்கார வைத்தார்கள். கட்டுமான இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அதனால் அங்கே அனுப்ப முடியாது என்றார்கள். “கேன்டீன்ல ஒண்ணு இருக்கே சார், நடந்து போய்ட்டு வர்றேன்” என்றாள். போய்ட்டு வந்தாள், மழையிலும். பம்புகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து கிரீஸ் அப்பிக் கற்றாள். நீராவிப் பொறியியலாளர் சான்றிதழுக்கான தேர்வில் ஒரு தடவை தோற்றாள். மறு தடவை வாய்மொழிக் கேள்வியில் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “பெரிய ஸ்பேனரெல்லாம் உனக்கு யாரும்மா தூக்கித் தருவா?”

“உங்களுக்கு யாரு தூக்கித் தர்றாங்களோ, அவங்கதான் சார்.”

தேறினாள்.

(* எந்த மின் நிலையம் என்று தேடாதீர்கள். சதுப்பு நிஜம். நிலையத்தை நான் காகிதத்தில் கட்டினேன்.)

4

இப்போது அந்த இரும்பு மூடி. டர்பைன் என்றால் பயப்பட வேண்டாம். காற்றாடிதான். நூற்றுக்கணக்கான இரும்பு இதழ் வைத்த காற்றாடியைப் படுக்கப் போட்டு, கீழே ஓர் ஓடு, மேலே ஓர் ஓடு வைத்து மூடி, நடுவே நீராவியை விட்டால் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுச் சுற்றும். அது சுற்றினால்தான் நம் வீட்டில் விளக்கு. உள்ளே ஒரு திருகாணி கிடந்தாலும் போதும், இதழ் இதழாகப் பிய்த்தெடுத்துவிடும்.

ஆகவே மேல் ஓடு மூடும்வரை அந்த இடம் கோயில் கருவறை மாதிரி. சுற்றிலும் கயிறு கட்டி, ஒரே ஒரு வாசல். வாசலில் சேது என்ற காவலாள். உள்ளே போகிறவர்களுக்குப் பையில்லாத உடுப்பு. மோதிரம், கடிகாரம், பேனா, சில்லறை எல்லாம் சேதுவின் தட்டில். ஸ்பேனர்களைக்கூட மணிக்கட்டில் நூல் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். தலைமைப் பொறியியலாளர் ஆர்தர் தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி முத்தமிட்டுத் தட்டில் வைப்பார். கங்கா தோட்டைக் கழற்றிக் காதில் நூல் போட்டிருந்தாள்.

முதல் டர்பைனை மூடும் பொறுப்பை ஆர்தர் கங்காவிடம் கொடுத்திருந்தார். 1986. ஆலைகளில் ஆள் குறைத்த காலம். வேலை கிடைப்பது குதிரைக் கொம்பு. “நீயே பாரு, நீயே கையெழுத்துப் போடு. ஒழுங்கா மூடிட்டா ரெண்டாவது மெஷின் முழுசா உன் பொறுப்பு” என்றிருந்தார். ஒழுங்காக மூடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. வரைபட அறையில் அவள் நாற்காலி இன்னும் காலியாகவே இருந்தது.

அதே இடத்தில்தான் நல்லசாமியும். ஆலையில் வேலை போனபின், மகள் சொன்ன ஒரு வார்த்தையில் ஒப்பந்தக்காரர் அவரைத் துடைப்புக்காரராக எடுத்துக்கொண்டார். மூடும் முன் இரும்பு விளிம்பைத் தூசி தும்பில்லாமல் துடைக்கும் வேலை. அவரோ உலை இரைச்சலில் கத்திக் கத்திப் பழகிய வாய். சேது முதல் சோமு வரை யாரையும் விடமாட்டார். மகளைக் கண்டால் மட்டும் “மேடம்!”

“அப்பா, என்னை ஏன் மேடம்ங்கிறீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும் லா. நான் ஒருத்தன் மேடம்னாதான் நாப்பது பேரும் மேடம்பான். இல்லாட்டி ‘ஏ கங்கா’ம்பானுங்க.”

நாற்பது பேரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்படிப்பட்ட நல்லசாமி, அன்று காலை பேசவில்லை. சேது, “என்ன மாமா, இன்னிக்கி மூடுறோமா?” என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போனார். துடைத்துவிட்டு வெளியே வந்ததும், “முடிஞ்சுது மேடம்! கண்ணாடி மாதிரி இருக்கு, முகம் பாக்கலாம்!” என்று கூடமே அதிரக் கத்தினார்.

கங்காவுக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை.

5

சோமு மூடியைத் தூக்கினார். மெல்ல மெல்ல நகர்த்தி, நேராக்கி, இறக்கினார். ஒரு முழம் பாக்கி.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. போகும்போது பேசாதவர், வரும்போது பேசினார்.

கங்கா கையைத் தூக்கினாள். மூடி நின்றது.

[இங்கே முதலில் நான் எழுதியது: “மின்னல் வேகத்தில் மூடிக்குக் கீழே தலையை நுழைத்துத் தேடினாள்.” வாசித்துக் காட்டியபோது வள்ளியம்மா கையை உதறினாள். “ஐயையோ! தொங்குற பாரத்துக்கு அடியில எவளாச்சும் தலைய விடுவாளா? அப்படி விட்டிருந்தா எங்க வீட்டுக்காரரே இறங்கி வந்து ரெண்டு வெச்சிருப்பாரு!” சரிதான். பரபரப்புக்காக அவள் அறிவைக் குறைத்துவிட்டேன். திருத்தி எழுதுகிறேன்.]

கங்கா மூடியை மேலே எடுக்கச் சொல்லி, ஒதுக்கி, காலியான பக்கத்துக்கு நகர்த்தச் சொன்னாள். பிறகு கயிற்றுக்கு வெளியே நின்ற அப்பாவிடம் போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

“காலையில வாயில என்ன வெச்சிருந்தீங்க?”

நல்லசாமியின் முகம் மலர்ந்தது. பிடிபட்ட முகம் இல்லை, பரிசு பிரித்துப் பார்த்த குழந்தை முகம்.

“கண்டுபிடிச்சிட்டியா? உங்கம்மா மூக்குத்திதான். பத்திரமா வெச்சிருக்கேன், கீழ் ஓட்டுல, ஓரமா.”

“எதுக்குப்பா?”

“எதுக்கா? ஆலையில புது எஞ்சின் உக்கார வெச்சப்ப, குழியில மஞ்சத்துணியில முடிஞ்சு ஒரு பொட்டுத் தங்கம் போட்டுத்தான சிமெண்டு ஊத்துனோம்? வீட்டுக்கே போடறோம். இங்க நான் வர்றதுக்கு முந்தியே ஊத்திட்டானுங்க. எம் மக மூடற மெஷினுக்கு அடியில ஒண்ணுமே இல்லாம எப்படி? உங்கம்மா இருந்திருந்தா சும்மா விடுவாளா?”

“அப்பா, அது அடி இல்ல. அது வயிறு.”

அவ்வளவுதான் சொன்னாள். வாழ்நாளெல்லாம் உலை பார்த்த மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் கை தானாகப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

6

இங்கேதான் நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். மூன்று முடிவு எழுதினேன்.

முதல் முடிவு. கங்கா தானே உள்ளே போகிறாள். மூக்குத்தியை எடுத்துத் தன் நாக்கினடியில் வைத்துக்கொள்கிறாள். ஆர்தர் “எல்லாம் சுத்தமா?” என்கிறார். அவள் தலையை ஆட்டுகிறாள். மூடி இறங்குகிறது, அப்பா பிழைக்கிறார், யாருக்கும் தெரியாது.

வள்ளியம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. “அப்படியே விட்டுருக்கா” என்றாள். எனக்கும் ஆசைதான், என்ன அழகாக வந்து உட்கார்கிறது! ஆனால் ராத்திரி முழுக்க கங்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ‘கேன்டீன் வரை மழையில நடக்க வெச்சு, ஒரு தரம் தோக்க வெச்சு, இத்தனையும் பண்ணி என்னை இங்க கொண்டாந்தது இதுக்கா?’ என்று கேட்கிற மாதிரி. அழித்தேன்.

இரண்டாம் முடிவு. ஆர்தர் நெகிழ்ந்து, நல்லசாமியைக் கட்டிக்கொண்டு, எல்லோரும் கைதட்டி — வேண்டாம். ஆர்தரை நீங்கள் பார்த்ததில்லை. சிலுவையைக் கழற்றுகிற மனிதர், மூக்குத்தியை விடுவாரா?

மூன்றாவது, கங்கா எனக்குச் சொன்னது:

“சார்,” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “எங்க அப்பா உள்ள ஒரு நகை வெச்சிருக்காரு. இடம் அவருக்குத்தான் தெரியும். அவரே எடுக்கட்டும், நான் கூட நிக்கிறேன்.”

ஆர்தர் அவளைத் தனியே இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். “உனக்கு அறிவிருக்கா கங்கா? ‘யாரோ’ன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“யாரோன்னு சொன்னா நாப்பது பேரும் கள்ளனாயிடுவாங்க சார்.”

ஆர்தர் சேதுவுக்குத் தலையசைத்தார்.

வாசலில் நல்லசாமி, யாரும் கேட்காமலே வாயை ஆவென்று திறந்தார். “நல்லா பாரு மாப்ள. பல்லு மட்டுந்தான், அதுலயும் ரெண்டு ஆடுது.” சேதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து இருமினான். கங்கா விளக்கைப் பிடித்தாள். நல்லசாமி குனிந்து, இதழ்களுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஓர் இடுக்கில், மெழுகு பூசிய கம்பியை விட்டு, மூச்சை அடக்கி, மெல்ல இழுத்தார். வந்தது. எள்ளுப் பூ மாதிரி ஒற்றைக் கல். கங்கா அதைக் கொண்டுபோய்த் தட்டில் ஆர்தரின் சிலுவைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

வைத்துவிட்டுத் திரும்பிப் போய், முழு டர்பைனையும் முதலிலிருந்து பார்த்தாள். ஒவ்வோர் இதழாக, கண்ணாடியும் விளக்கும் வைத்து. ஒன்று கிடைத்தது என்பதால் ஒன்றுதான் இருந்தது என்று ஆகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கண் கரித்தது, சொன்னால் என்ன! ஓர் இதழ்கூட விடாமல் எப்படிப் பார்த்தாள் அந்தப் பிள்ளை!

வெளியே வந்ததும் ஆர்தர் சொன்னார்:

“ரூல் உனக்கே தெரியும். உள்ள பொருள் கொண்டுபோனவன் மறுபடி இந்த சைட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. மெஷினுக்குப் பொறுப்பு நீ. நீதான் சொல்லணும். உன்னால முடியலன்னா நான் சொல்றேன், தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா அப்புறம் ரெண்டாவது மெஷினையும் நானே மூடிக்குவேன்.”

7

“அப்புறம் என்ன சொன்னாளாம்?” என்று வள்ளியம்மாவைக் கேட்டேன்.

“எனக்கெப்படிக்கா தெரியும்? எங்க வீட்டுக்காரரு உசரத்துல கூண்டுக்குள்ளல்ல இருந்தாரு. பாரம் மாட்டியிருக்கறப்ப இறங்கப்படாது. கண்ணாடி வழியா பாத்ததுதான். அந்தப் பிள்ள நடந்து போச்சாம். ஒரு வயசாளி எதிர்ல நின்னாராம். என்னமோ பேசுனாங்களாம்.”

“ரெண்டாவது மெஷின்?”

“அதுக்கும் அந்தப் பிள்ளதான் கை காட்டுச்சாம்.”

அப்படியானால் சொல்லிவிட்டாள். அதில் சந்தேகமில்லை. சொன்னது எப்படி என்பதுதான் மேலே இருந்தவருக்குக் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்து எழுதுகிற எனக்கும் கேட்கவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை.

“அப்பா, என்னை மன்னிச்சிருங்க, நாளையிலிருந்து —” இது சரியில்லை. விதி தப்பாக இருந்தால்தானே மன்னிப்பு? அவள் அதை நம்பித்தான் ஒவ்வோர் இதழாகப் பார்த்தாள்.

“மிஸ்டர் நல்லசாமி, நீங்க —” கை கூசுகிறது.

“வீட்டுக்குப் போங்கப்பா, சாயந்திரம் பேசிக்கலாம்.” இது நழுவல். நாற்பது பேர் நிற்கிறார்கள்.

ஒன்று மட்டும் எனக்கு நிச்சயமாகக் கேட்டது, அது நல்லசாமியின் குரல். அவள் எதிரே வந்து நின்றாள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். உலை இரைச்சலில் பழகிய அந்த வாய், முதல் தடவையாக மெதுவாகப் பேசியது:

“யோசிக்காத தாயி. நான் ஒண்ணும் ஒடைஞ்சிட மாட்டேன். இத்தன பேரையும் நிக்க வெச்சுக்கிட்டு நீ முழிச்சா, நாளைக்கி எவனும் உன் பேச்சக் கேக்க மாட்டான். சொல்லு. சத்தமா சொல்லு.”

அவள் நிமிர்ந்தாள். வாய் திறந்தாள்.

இங்கே இடம் விட்டிருக்கிறேன். உங்களில் வேலைக்காரரை அனுப்பியவர்கள் இருப்பீர்கள், வேலையை விட்டு அனுப்பப்பட்டவர்கள் இருப்பீர்கள், பெற்றவரிடம் ‘கூடாது’ என்று சொல்ல வேண்டி வந்தவர்களும் இருப்பீர்கள். என்னைவிட உங்களுக்கு நன்றாக வரும். ஒரே வாக்கியம்தான். அதில் விதியும் முழுசாக இருக்க வேண்டும், அப்பாவும் முழுசாக இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று குறைந்தால், அது கங்கா சொன்னதல்ல. அழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

“ . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . ”